தூங்குகிற வீட்டில் பேச்சுப்போட்டி

இரவு ஷிப்ட் முடிந்து வந்து படுத்தேன். அடுப்படியில் மகள் பேச்சுப்போட்டிக்காகக் கிசுகிசுத்துக்கொண்டிருந்தாள்: "பெரியோர்களே..."

சின்ன வயதில் ஓசூரில் நாங்கள் இருந்த லைன் வீடு நினைவுக்கு வந்தது. ஒரே அறை. இரவெல்லாம் கம்பெனியில் நின்ற அப்பா, கிரீஸ் வாசனையோடு பகலில் தூங்குவார்.

"மெல்லப் பேசுடா, மனுசன் இப்பத்தான் கண்ணசந்தாரு" என்பாள் அம்மா.

மூச்சுக்காற்றிலேயே பேசிப் பழகினேன். பள்ளிப் பேச்சுப்போட்டி மேடையிலும் அந்தக் குரல்தான் வந்தது.

"என்னடா, மைக்குகிட்ட ரகசியம் சொல்றியா?" என்று பையன்கள் சிரித்தார்கள்.

தூங்காமல் வந்திருந்த அப்பா கடைசி வரிசையில் எழுந்து கத்தினார்: "சத்தமாப் பேசு கண்ணு, நான் முழிச்சிட்டுத்தான் இருக்கறேன்!"

பேசினேன்.

இப்போது தூக்கமில்லாமல் கண் எரிந்தது. எழுந்துபோய் அடுப்படி வாசலில் உட்கார்ந்தேன்.

"தூங்கலையாப்பா?" என்றாள் மகள்.

"அப்புறம் தூங்கிக்கறேன். நீ சத்தமாப் பேசு கண்ணு."