பத்தாயிரத்தோடு முடிந்த பட்டியல்

நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் கணக்கறை. அங்கே ஃபென்னா ரிட்செமாவுக்குப் பதினோரு வருடமாக எண்களை வகுப்பதுதான் வேலை. 1921இல் அதிகாரி டாக்டர் ஹெஸ்ஸலிங்க், அலுவலகத்துக்குச் சம்பந்தமில்லாத ஓர் எண்ணை அவளிடம் கொடுத்தார்: 40,04,50,081. அது பகா எண்தானா என்று அவருக்குத் தெரியவேண்டும். பகா எண் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வகுத்தாள். 9973 வரை எல்லாவற்றுக்கும் மீதி வந்தது. பட்டியல் அத்தோடு முடிந்தது.

"டாக்டர், இதோட வர்க்கமூலம் இருபதாயிரத்துக்கு மேல. அதுவரைக்கும் பாக்கணும். பாதிதான் ஆகியிருக்கு."

"பட்டியல் முடிஞ்சுதில்ல? விடும்மா."

நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'பாதிதான்' என்று பென்சிலால் எழுதி வைத்தாள். அவர் அதை அழித்தார். கணிதச் சங்கத்து இதழில் அது பகா எண் என்று அவர் பெயரில் வெளிவந்தது. கேட்கப் போனவளிடம், "வகுக்கத்தான் உனக்குச் சம்பளம், யோசிக்க இல்ல" என்றார். அந்த வாரமே வேலை போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை சமையலறை மேசையில் உட்கார்ந்து அடுத்த பகா எண்ணால் வகுத்தாள். 10007: மீதி 9969. அதற்கடுத்தது 10009. மீதி இல்லை.

"இன்னைக்கே அந்த இதழுக்கு எழுதிப் போடுக்கா" என்றாள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த தங்கை ஹில்கே.

"போட்டா? குமாஸ்தாப் பொண்ணு தப்பு பண்ணிட்டான்னு ரெண்டு வரி திருத்தம் போட்டுட்டு நிம்மதியாத் தூங்குவான். அவன் கையாலயே எழுதணும்டி."

ஏழு வருடம் துணிக்கடையில் துணி வெட்டினாள். இதைப் பொறுமை என்று புகழ வேண்டாம், வன்மம்தான். ஹில்கே கல்யாணமாகிப் போனாள். வன்மம் போகவில்லை.

1928இல் சங்கத்தில் ஹெஸ்ஸலிங்க் தன் எண்ணைப் பற்றிப் பேசினார். கேள்வி கேட்டால் பேச்சாளரே பலகையில் போட்டுக் காட்ட வேண்டும் என்பது அங்கே வழக்கம். கடைசி வரிசையில் ஃபென்னா எழுந்தாள்.

"டாக்டர், அது எந்த ரெண்டு வர்க்கத்தோட கூட்டல்?"

அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. உற்சாகமாக எழுதினார்: 20009இன் வர்க்கம், 300இன் வர்க்கம்.

"வேற விதமா வராதா?"

"வந்தா அது பகா எண்ணே இல்லம்மா. முதல் வருஷப் பையனுக்கே தெரியும்."

"அப்ப 19991, 900. இதோட வர்க்கங்களையும் கூட்டிக் காட்டுங்க."

சிரித்துக்கொண்டே கூட்டத் தொடங்கினார். மூன்றாம் இலக்கத்தில் சிரிப்பு நின்றது. விடை அதே எண். கூடத்தில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது.

"என்... என் கணக்கறைப் பொண்ணு எங்கயோ தப்பு விட்டிருக்கா."

"அந்தப் பொண்ணு நான்தான். நான் தப்பு விடல, பாதியில நிறுத்தச் சொன்னது நீங்க. 10009ஆல வகுங்க, போகும்."

எல்லோர் முன்னாலும் வகுத்தார். 40009 வந்தது. மீதி இல்லை. அவர் கை பலகைத் துடைப்பானைத் தேடியது.

"அழிக்காதீங்க டாக்டர்," என்றாள் ஃபென்னா. "ஒரு தடவ அழிச்சது போதும்."