அலமாரிக்குள் பந்தி

இஸ்திரி அக்கா கஞ்சி போட்டுத் தேய்த்த சட்டையைத் தரையில் நிறுத்தி வைத்தால், அது தானாகவே படியிறங்கி அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வரும். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியாயிற்று. படியெல்லாம் இறங்காது. ஆனால் நிற்கும்.

அவளுக்கு அசுத்தம் என்றால் குமட்டும். பக்கத்து வீட்டுக்காரர் தும்மினால் தன் வீட்டுக் கதவுப்பிடியைக் கழுவுகிற ரகம். அப்படிப்பட்டவளின் கண்ணெதிரே, திங்கட்கிழமை மத்தியானம், தேய்த்த துணியை எடுக்க வந்த ஓட்டல் மேற்பார்வையாளர் வாய் துடைக்கும் துண்டு ஒன்றை உதறினார். உள்ளேயிருந்து சாம்பல் நிறத்தில் ஏதோ வழுக்கி விழுந்து, அவர் சட்டைக் கையின் மேல் மீன் மாதிரி நெளிந்து ஓடியது.

"இது என்னம்மா?"

அக்காவுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. துண்டை வெளிச்சத்தில் பிடித்தார் அவர். விளிம்பெல்லாம் அரித்து, மேற்பரப்பு சுரண்டப்பட்டு, நடுவில் மஞ்சள் கறை.

"விருந்தாளி மடியில இது விழுந்திருந்தா என் வேலை போயிருக்கும். வெள்ளிக்கிழமை வரேன். துணி அடுக்குற உங்க அலமாரிய நானே தொறந்து பாப்பேன். ஒண்ணு ஓடினாலும் துணி வேற இடத்துக்குப் போயிடும்."

அந்த ஓட்டல் துணி போனால் அக்காவின் இஸ்திரிப் பெட்டி பாதி நாள் ஆறித்தான் கிடக்கும். புருஷன் லாரியோடு வெளியூர் போனால் வாரக்கணக்கில் திரும்புவதில்லை. வீட்டில் அவளும் நாத்தனாரும்தான்.

கரப்பான் குஞ்சு என்று முடிவுகட்டி அலமாரி முழுக்க அந்துருண்டையைக் கொட்டினாள். மூக்கு எரிந்தது அவளுக்கு. பூச்சிக்கு ஒன்றும் எரிந்ததாகத் தெரியவில்லை. சாயங்காலம் நூலக வேலை முடிந்து வந்த நாத்தனார், டார்ச்சை வாங்கித் தட்டின் இடுக்கில் அடித்தாள்.

"அண்ணி, இது கரப்பான் இல்ல. முன்னாடி ரெண்டு மீசை, பின்னாடி மூணு வாலு, உடம்பெல்லாம் செதிலு. எங்க நூலகத்துப் பழைய புத்தகத்த எல்லாம் தின்னுச்சே, அதே ராமபாணப் பூச்சி."

"இந்த அசிங்கத்துக்கு இவ்வளவு பெரிய பேரா?"

"கிட்ட வந்து பாருங்களேன்."

"வேணாம் தாயே. இங்கருந்தே வயித்தப் பெரட்டுது."

ஆனால் பார்க்கத்தான் வேண்டியிருந்தது. மூலையில் மிளகுப்பொடி தூவியது போல் எச்சம். கண்ணாடித் தாளாய்ச் சுருண்டு கிடந்த உரித்த தோல்கள். ஒன்றைத் துடைப்பத்தால் நசுக்கினாள். ஈரக்கூழும் வெள்ளித்தூளும் பலகையில் இழுகின. அந்தத் தூள் எப்படியோ அவள் வலது கைப் பெருவிரலிலும் ஒட்டிவிட்டது. சோப்புப் போட்டு மூன்று முறை கழுவினாள். ராத்திரிச் சாப்பாட்டை இடது கையால் சாப்பிட்டாள்.

நாத்தனார் ஒரு கண்ணாடி ஜாடியின் வெளிப்புறம் சொரசொரப்பான காகிதத்தைச் சுற்றி, உள்ளே ரொட்டித் துண்டு போட்டு அலமாரியில் வைத்தாள். பூச்சி காகிதத்தைப் பிடித்து ஏறிவிடும். உள்ளே விழுந்தால் வழுக்கும் கண்ணாடியில் ஏறி வர முடியாது. மறுநாள் காலை ஒன்பது கிடந்தன. புதன்கிழமை பதினாறு. ஒன்றன் முதுகில் ஒன்று ஏறி, வால்கள் துடிக்க, சத்தமில்லாமல் சுற்றிச் சுற்றி ஓடின. நாத்தனார் அவற்றைச் சோப்புத் தண்ணீரில் கவிழ்த்தாள். அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"தெனம் தொடைக்கிற அலமாரிடீ! எங்கருந்து வருதுங்க?"

புதன் சாயங்காலம் நாத்தனார் உள்ளே நுழைந்தபோது அக்கா வழக்கப்படி அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கையில் ஈரத்துணி. காலடியில் கஞ்சிச் சட்டி.

"அண்ணி, எதுல தொடைக்கிறீங்க?"

"மிஞ்சின கஞ்சித் தண்ணிலதான். பலகை எப்படி மினுக்குது பாரு. பதினாலு வருஷமா இப்படித்தான்."

நாத்தனார் அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். "அதுங்களுக்குக் கஞ்சின்னா உசுரு. ஈரம்னா சொர்க்கம். நீங்க ரெண்டையும் சேத்துப் பந்தி போடுறீங்க!"

அக்கா சிரிக்கவில்லை. பதினாலு வருஷம். தன் கையால். அந்த மூன்று வால் பிறவிகள் பாட்டன் பூட்டன் காலந்தொட்டு அவள் வைத்த கஞ்சியை நக்கி, அவள் மடித்த துணிக்குள் படுத்து, அதிலேயே கழிந்து... கொல்லைப்பக்கம் ஓடினாள். சத்தம் கேட்டது.

திரும்பி வந்தவள் வேறு ஆள். கொதிக்கும் தண்ணீரும் சோப்பும் விட்டுப் பலகைகளைத் தேங்காய் நாரால் சுரண்டினாள். பழுப்பு நிறத்தில் கஞ்சிப் பிசின் ஏடு ஏடாக உரிந்தது. வியாழக்கிழமை முழுக்க வெயிலிலும் மின்விசிறியிலும் காயவைத்து, மரப்பிளவுகளை மெழுகால் அடைத்தாள். ஓட்டல் துணியை எல்லாம் மறுபடி துவைத்து, தேய்த்து, மூடியுள்ள தகரப்பெட்டிக்கு மாற்றினாள். கஞ்சி சமையலறை தாண்டி வரக்கூடாது என்று தனக்குத்தானே சட்டம் போட்டாள். ஜாடிக்குப் புது ரொட்டி வைத்தார்கள். பந்தி நின்றுபோன பசியில் வியாழன் ராத்திரிக்குள்ளேயே பதினாலு வந்து விழுந்தன. வெள்ளிக்கிழமை காலை நாலே நாலு.

மேற்பார்வையாளர் வந்தார். டார்ச்சோடு குனிந்து தட்டுத்தட்டாகப் பார்த்தார், பலகையைத் தட்டினார், விரலால் தடவி முகர்ந்துகூடப் பார்த்தார். எதுவும் ஓடவில்லை. தகரப்பெட்டியைத் திறந்து ஒரு துண்டை உதறினார். காற்று மட்டும் வந்தது.

"ம். துணி இனி இந்தப் பெட்டியிலதான் இருக்கணும். மாசாமாசம் வந்து பாப்பேன்." வாசலில் இருந்த அழுக்குத்துணிக் கூடையை உள்ளே நகர்த்தினார். "இது அடுத்த வாரத்துக்கு. எப்படிம்மா ஒழிச்சீங்க? எங்க சாமான் அறையிலயும் இருக்கும் போலருக்கு."

அக்காவுக்கு நாலு நாளாக அடைத்திருந்த நாக்கு அவிழ்ந்தது. "அதுவா சார்? ஒரே நாளு. ஆயிரம் பூச்சி. இந்தக் கையாலயே புடிச்சுப் போட்டேன்!"

"ஆயிரம் இல்ல சார், நாப்பத்து மூணு," என்றாள் நாத்தனார். "எண்ணிக் கொட்டினது நான். அண்ணி கதவுக்குப் பின்னால நின்னு 'செத்துச்சா, செத்துச்சா'ன்னு கேட்டுட்டு இருந்தாங்க. முட்டை இன்னும் எங்கயாவது இருக்கும், ஜாடிய ரெண்டு மாசம் எடுக்கக் கூடாது."