விருத்தி ஆச்சா?

மட்டாஞ்சேரி ஆய்வகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. குவாண்டம் புள்ளிகள் என்னும் ஒளிரும் நுண்துகள்களை ஒலியிக் அமிலம் என்னும் எண்ணெய்ப் பசையில் வளர்ப்போம்.

"விருத்தியாயோ மோளே?" என்று எனக்கு மேலதிகாரியாக இருந்த சேட்டன் கேட்டார். தமிழில் விருத்தி என்றால் வளர்ச்சிதானே? துகள் வளர்ந்திருந்தது. "ஆச்சு சேட்டா" என்றேன். மலையாளத்தில் விருத்தி என்றால் சுத்தம். கழுவியாச்சா என்றுதான் அவர் கேட்டிருக்கிறார்.

கழுவாத சாம்பிள், மூலக்கூறுகளை அலசிக் காட்டும் என்எம்ஆர் கருவிக்குள் போனது. துகள்மேல் ஒட்டிய அமிலம் திரையில் அகன்ற மேடாகத் தெரிய வேண்டும். எங்களுக்கு வந்ததெல்லாம் ஊசி ஊசியான கோடுகள். அத்தனையும் கழுவாமல் விட்டதால் எதிலும் ஒட்டாமல் மிதக்கும் அமிலப் பிசுக்கு.

"தப்பு என்னோடதுதான். கழுவிட்டுத் திரும்பப் போடலாம்" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே மென்பொருளில் ஊசிகளை மேடுகளாக அகட்டினார். "ஆரும் அறியில்லா. ரிப்போர்ட்டில் நின்றெ பேரு வெச்சோ."

கையுறையின் சிக்கு வாடையைவிட அந்தச் சிரிப்பு நாறியது.

"விருத்திகேடு" என்றேன். அசிங்கத்துக்கு இங்கே அதுதான் சொல். ரிப்போர்ட்டில் என் பெயரைப் போடாமல் வெளியே வந்தேன். பஜார் ரோட்டுச் சாக்கடை அன்று நாறவே இல்லை.

மலையாளத்தில் நான் பொருள் தெரிந்து சொன்ன முதல் வார்த்தை அது.