மருந்தில்லாத ஊசி

ஏற்காடு கடைவீதி கிளினிக்கில் நான் பிசியோவாக, அதாவது பிசியோதெரபிஸ்டாக, இருந்தபோது, வாசல் போர்டில் இரண்டு ஊசிச் சிகிச்சைகள் இருந்தன: அக்குபஞ்சர், டிரை நீட்லிங். பெட்டியில் இருந்ததோ ஒரே வகை ஊசி. சக்தி ஓட்டத்தைச் சீராக்கக் குத்தினால் முதலாவது. இறுகிய தசைமுடிச்சைத் தடவிப் பார்த்துக் குத்தினால் இரண்டாவது. ஏரி பார்க்க வந்தவர்களுக்கு முதலாவது, எஸ்டேட் ஆட்களுக்கு இரண்டாவது என்று முதலாளி பிரித்திருந்தார். மருத்துவ அறிவியலுக்கு அவருடைய பங்களிப்பு அது.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை. காப்பிப்பழப் பறிப்பு மும்முரம். தலைச்சோலை கிராமத்திலிருந்து, பழம் பறிக்கும் செல்லம்மா வந்தார். கிளையை வளைத்துப் பிடிக்கும் வலக்கை தோளுக்கு மேல் எழவில்லை. திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவதாக, கணக்கெழுதி வேலை பிரித்துக் கொடுக்கும் எஸ்டேட் ரைட்டர் சொல்லியிருந்தார்.

"இந்த ஊசியில மருந்து கிடையாதுங்கம்மா" என்றேன்.

எழுந்து போனவர், மெடிக்கல் கடைக் கவரோடு திரும்பினார். உள்ளே சத்து ஊசி மருந்து.

"இந்தா கண்ணு. ஆஸ்பத்திரில தீந்துபோச்சுன்னா வெளிய வாங்கியாறது எங்களுக்குப் பழக்கந்தான்."

தீரவில்லை, மருந்தே வேண்டாம், குத்தினாலே முடிச்சு தளரும் என்று விளக்கினேன்.

"வெறுங்குத்து வாங்கவா பஸ் ஏறி வந்தேன்? காப்பிக்காட்டுல இல்லாத முள்ளா?"

முதலாளி எட்டிப் பார்த்து, "ஏனுங்க, மருந்து ஏத்தியாச்சுன்னு சொல்லிட்டுக் குத்துங்களேன்" என்று என் காதில் ஓதினார். மறுத்தேன். செல்லம்மாவே இரங்கினார்: "சரி, வந்தது வந்தாச்சு. குத்து சாமி."

தோள்பட்டையில் மூன்று ஊசிகள். தசை வெடுக்கென்று துள்ளியது. "அடப் பாவி!" என்றார். கை காது வரை எழுந்தது.

"ஒரு வாரம் கிளை வளைக்கக்கூடாதுங்க."

"அத ரைட்டர்கிட்டச் சொல்லு."

போன் போட்டேன். தசைக்கு ஓய்வு வேண்டும், உலர்களத்தில் உட்கார்ந்து பழம் பொறுக்கும் வேலை கொடுங்கள் என்றேன்.

"ஓய்வு எல்லாத்துக்குந்தான் வேணும். எனக்கு யாருங்க குடுக்கறாங்க?"

"மூணு ஊசி போட்டிருக்குதுங்க."

"மூணா? ஒரே தோள்லயா?" குரல் இறங்கியது. "நொம்ப முத்திப்போச்சாட்ட இருக்குது. களத்துலயே உக்காரட்டுமுங்க. பறிப்பு முடியற வரைக்கும் உக்காரட்டும்."

இளம் பிசியோக்களுக்கு ஒன்று. டிரை நீட்லிங் எப்படி வேலை செய்கிறது என்று படித்தவர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். செல்லம்மாவுக்கு அது கொஞ்சம் வேலை செய்தது. முழுதாக வேலை செய்தது, ஊசியே குத்தப்படாத ரைட்டரிடம்.