பார்க்கும் தூரம், சுடும் தூரம்

சேலத்தில் துப்பாக்கிச் சாமான் விற்கும் கடையின் வாசலில் நின்றுகொண்டு, எங்கள் டாக்டரம்மா எதிர்ச்சாரியில் இருந்த டீக்கடையைக் குறிபார்த்தார். கையில் துப்பாக்கி இல்லை. துப்பாக்கியின் மேல் மாட்டுகிற தொலைநோக்கிக் குழல், அதாவது ஸ்கோப், அது மட்டும்தான் இருந்தது. ஆனால் அது டீ மாஸ்டருக்கு எப்படித் தெரியும்? ஆற்றிக்கொண்டிருந்த டம்ளரை அப்படியே வைத்துவிட்டு பாய்லருக்குப் பின்னால் போய்விட்டார். "ஒண்ணுமில்லீங்க, மாட்டாஸ்பத்திரி டாக்டருங்க!" என்று நான் ரோட்டைத் தாண்டிக் கத்தினேன். அதைக் கேட்டு அந்த மனுஷன் இன்னும் குழம்பியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

நான் மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டிக்காரன். அப்போது கொல்லிமலையில் கால்நடை மருந்தகத்தில் உதவியாளராக இருந்தேன். டாக்டரம்மா தஞ்சாவூர்ப் பக்கம். உட்காரவே தெரியாதவர். மருந்துச் சீட்டைக்கூட ஜன்னல் ஓரம் நின்றபடிதான் எழுதுவார், எழுதும்போதே ஒரு கால் வாசலுக்குக் கிளம்பிவிடும். அவரோடு ஒரு நாள் முழுக்க இருந்துவிட்டு வீட்டுக்குப் போனால், சாப்பிடும்போது என் முழங்காலும் தானாக ஆடும். என் மனைவி அதட்டுவாள். அந்தச் சமயத்தில் டாக்டரம்மாவுக்கும் எனக்கும் சேர்ந்தே கால் ஆடியது. மலையில் எடப்புளி நாடு என்கிற ஊர்ப்பக்கம் ஒரு பெண் கடமான் கழுத்தில் சுருக்குக் கம்பியோடு திரிந்தது. கம்பி சதைக்குள் இறங்கிவிட்டது. காலடியில் பால் மறக்காத குட்டி. தாய் போனால் குட்டியும் போகும். மயக்க ஊசித் துப்பாக்கியால் படுக்கவைத்துக் கம்பியை எடுத்துத் தர முடியுமா என்று வனத்துறையில் கேட்டிருந்தார்கள்.

மானை முதலில் பார்த்துச் சொன்னவர் அங்கே மிளகும் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியும் போட்டிருந்த ஒரு தோட்டக்காரர். "எவ்வளவு தூரத்துல நிக்குது?" என்று டாக்டரம்மா போனில் கேட்டதற்கு, "கூப்புடு தூரந்தானுங்க" என்றார். கூப்பிடு தூரம் என்றால் எங்கள் ஊரில் நாலு வீடு தள்ளி. தஞ்சாவூரிலும் கிட்டத்தட்ட அப்படித்தானாம். ஸ்கோப் எதற்கு என்று வெறும் துப்பாக்கியோடு போனோம். போய்ப் பார்த்தால், நடுவில் ஒரு பெரிய பள்ளம், அந்தப் பக்கச் சரிவில் மான்கள். மலைக்காரர்கள் ஒரு மேட்டில் நின்று அடுத்த மேட்டில் இருப்பவரைக் கூப்பிட்டுப் பேசுகிறவர்கள். அவர்களுக்கு அதுதான் கூப்பிடு தூரம். பழுப்பாக மூன்று உருவம் தெரிந்தது. எதன் கழுத்தில் கம்பி? தெரியவில்லை. பள்ளம் இறங்கி ஏறுவதற்குள் மூன்றும் புதருக்குள் போய்விட்டன. எனக்கு அந்தத் தோட்டக்காரர் மேல் கோபமான கோபம்.

அதனால்தான் சேலம். கடைக்காரர் முழங்கை நீளத்துக்கு ஒன்றை எடுத்து வந்து, "இதுல பாத்தா அடுத்த மலையில எறும்பு தெரியும்" என்றார். வாங்கிவிடலாம் என்று எனக்கு ஒரே பரபரப்பு. டாக்டரம்மா அதை வாசலுக்குக் கொண்டுபோய்த்தான் டீக்கடையைப் பார்த்தார். "அண்ணே, மாஸ்டரோட சட்டை பட்டன் மட்டும்தான் தெரியுது. அதுவும் கலங்கலா இருக்கு. ஆள் எங்கன்னே தெரியலை" என்று என்னிடம் சொன்னார். அப்புறம் கடைக்குள்ளேயே குறுக்கும் நெடுக்கும் நடந்தார். ஊசி பள்ளத்தைத் தாண்டிப் போகாது. இந்தக் கரையிலிருந்து எது என்று பார்க்க வேண்டும், பிறகு பதுங்கிப் பதுங்கிப் பக்கத்தில் போய்த்தான் சுட வேண்டும். பார்க்கும் தூரம் வேறு, சுடும் தூரம் வேறு. இரண்டுக்கும் ஒரே கண்ணாடி வேண்டுமென்றால் வளையத்தைத் திருப்பிக் கூட்டவும் குறைக்கவும் முடிகிற ஸ்கோப்தான் சரி. அதிலும் எவ்வளவு கூடும் என்பதைவிட எவ்வளவு குறையும் என்றுதான் பார்த்தார். கிட்டத்தில் கலங்காமல் தெரிகிறதா என்று அலமாரியின் பூட்டைப் பார்த்தார். பனியில் விரல் விறைத்தாலும் வளையம் திரும்புமா என்று கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு திருப்பினார். கடைசியில் எடுத்தது கடையிலேயே குட்டையான ஒன்று. கடைக்காரருக்கு எங்கள் மேல் இருந்த மரியாதை அதோடு போயிற்று.

மறுபடி போன அன்று காலையிலிருந்தே பனிமூட்டம். வனக்காப்பாளர் ஜீப்போடு ரோட்டில் நின்றுகொண்டார். நாங்கள் இருவரும் தோட்டக்காரரும் மட்டும் இறங்கினோம். பனி கொஞ்சம் விலகியதும் இந்தக் கரையிலிருந்து வளையத்தைக் கூட்டிப் பார்த்து, "நடுவுல நிக்கிறதுதான்" என்றார் டாக்டரம்மா. காற்று எங்கள் முகத்தில் அடிக்கும்படி சுற்றிக்கொண்டு ஏறினோம். புதரை விலக்கினால் மான் அங்கேயே நிற்கிறது, குட்டி பால் குடிக்கிறது. டாக்டரம்மா துப்பாக்கியைத் தூக்கினார், சுடவில்லை. "மயிர்தான் தெரியுது" என்று உதடு மட்டும் அசைந்தது. கூட்டிய வளையத்தைக் குறைக்க மறந்திருந்தார். தொடையா வயிறா என்று தெரியாமல் சுட்டால், வயிற்றில் பாய்கிற ஊசியே அதைக் கொன்றுவிடும். மான் காதைத் திருப்பியது. ஓரிடத்தில் நிற்கவே தெரியாத அந்த அம்மாள் மரம் மாதிரி நின்று, வளையத்தை மட்டும் நூல் நூலாகத் திருப்பினார். ஊசி தொடையில் போய் நின்றது.

கொஞ்ச தூரம் ஓடிப் படுத்துவிட்டது. கண்ணைத் துணியால் மூடி, தலையை நான் தூக்கிப் பிடித்தேன். புண் அழுகி நாறியது. டாக்டரம்மா வெட்டுக் குறடைக் கம்பிக்கு அடியில் விடப் பார்த்தார், இடமே இல்லை. "உடுங்க சாமி, நான் பாக்கறேன்" என்று தோட்டக்காரர் குனிந்தார். இரண்டு விரலை விட்டார், எதையோ ஒரு பக்கம் நெட்டினார், திருகினார். சுருக்கு அவிழ்ந்து கையோடு வந்தது. அந்த விரல்கள் முடிச்சைத் தேடவேயில்லை. நான் டாக்டரம்மாவைப் பார்த்தேன், அவர் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புண்ணைக் கழுவி, மருந்து வைத்து, மயக்கம் தெளிய ஊசி போட்டோம். மான் எழுந்து குட்டியோடு போயிற்று. அப்புறம் தோட்டக்காரரே சொன்னார். "பன்னிக்குத்தானுங்க கட்டுனேன். கெழங்கு பூராத்தையும் நோண்டிப்போடுது. இது வந்து மாட்டும்னு நெனைக்கலீங்க. அந்தக் குட்டி பின்னாலயே கத்திக்கிட்டுத் திரிஞ்சுதுங்க. ஊட்டுல சோறு எறங்கல. செயிலுக்கு அனுப்புனாலும் போறனுங்க."

"மொதல்ல மிச்சக் கம்பி எங்கெங்க இருக்குன்னு காட்டுங்க" என்றார் டாக்டரம்மா.

பொழுது சாய்கிறவரை அவிழ்த்தோம். கம்பிகளை வனக்காப்பாளரிடம் கொடுத்து, கட்டியது தான்தான் என்று தோட்டக்காரர் அவராகவே சொன்னார். அதற்குப் பிறகு அந்த வழக்குக்காக வனத்துறை ஆபீசுக்கு நெடுநாள் அலைந்தார். அந்த வருஷக் கிழங்கைப் பன்றிகள் ஒன்று விடாமல் தின்று தீர்த்தன.

டாக்டரம்மா இப்போது வேறு மாவட்டத்தில் இருக்கிறார். மழை பிடித்தால் போன் செய்து, "அது உசுரோட இருக்காண்ணே?" என்பார். எனக்கு என்ன தெரியும்? ஆனாலும் அன்றைக்கு முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளாது. போன வாரம் தோட்டக்காரரே கூப்பிட்டார். கடமான் வந்திருக்கிறதாம். கழுத்துத் தழும்பில் மயிர் முளைக்கவில்லையாம், அதை வைத்துத்தான் அடையாளம் தெரிந்ததாம். வளர்ந்த குட்டியும் கூட வந்து, புதுசாகத் துளிர்த்த குச்சிக்கிழங்குத் தழையை மொட்டையடித்துக்கொண்டிருக்கிறதாம்.

"வெரட்டலீங்களா?" என்றேன்.

"வெரட்டோணுமுங்க" என்றார். "இன்னும் செத்த நேரம் மேயட்டும்."