இனயம் கரையில் என் சிரிப்பு

பேய், ஆவி என்று யாராவது பேச ஆரம்பித்தால் 'போய் வேலையைப் பாருங்க' என்று எழுந்து போகிற ஆள் நான். ரப்பர் தோட்டத்து வளைவுகளில் இருட்டிய பிறகும் தனியாக ஸ்கூட்டர் ஓட்டி வந்திருக்கிறேன், ஒரு நாள்கூட எதுவும் என்னை மறித்ததில்லை. இதை நீங்கள் நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் நான் சண்டைக்கு வரமாட்டேன், ஏனென்றால் எனக்கே பாதி நாள் நம்பிக்கை வருவதில்லை.

அருமனையில் எனக்குத் தையல் கடை. சிடுமூஞ்சி என்று பெயர் எடுத்தவள், அதில் எனக்கு வருத்தமும் கிடையாது. தெரியாத ஆளிடம் சிரித்தால் "அக்கா, நாளைக்கே வேணும்" என்று தலையில் ஏறி உட்காருவார்கள். அதிலும் மீன்காரியிடம் சிரிக்கவே கூடாது, பழைய மீனை நம் தலையில் கட்டிவிடுவாள். முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்குவதுதான் என் வழக்கம்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் என்றால் எங்கள் சபையில் இரவு ராப்போஜன ஆராதனை. பெண்கள் எல்லாரும் வெள்ளை உடுப்பார்கள், அதனால் அன்று மதியம் வரைக்கும் வெள்ளை ஜாக்கெட் தைத்து எனக்கு முதுகு ஒடிந்துவிடும். போன வருஷம் கடைசி ஜாக்கெட்டுகளை வீடுகளில் கொடுக்கக் கிளம்பினேன், கழுத்தில் அளவு நாடா கிடப்பதைக்கூடக் கவனிக்கவில்லை, அவ்வளவு அவசரம். கோடை மழை பிடித்துக்கொண்டது. வளைவில் வண்டி வழுக்கியதும் வெள்ளைத் துணியெல்லாம் பறந்து சேற்றில் விழுந்ததும் ஞாபகம் இருக்கிறது. அடுத்து நான் கண் திறந்தது ஆஸ்பத்திரியில், மறுநாள் பெரிய வெள்ளி காலையில். அதுவரை என் வீட்டுக்காரர் கட்டில் பக்கத்திலிருந்து நகரவே இல்லை. முன்பல் ஒன்று பாதி உடைந்திருந்தது. வீட்டுக்கு வந்து பல் கட்டுகிற வரைக்கும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தியபடி வீட்டுக்குள்ளேயே கிடந்தேன்.

பல் கட்டிய பிறகு முதல் தடவையாகச் சந்தைக்குப் போனேன். அங்கே புதிதாக ஒரு மீன்காரி. வழக்கம்போலச் சாளை மீனைத் தூக்கிப் பார்த்து, "நேத்தைக்க மீன எனக்க தலையில கெட்டப் பாக்குதியா?" என்று கத்தினேன். அவள் கோபப்படவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பல்லு கெட்டியாச்சாக்கா?" என்றாள்.

"எந்தப் பல்லு?"

"முன்பல்லு ஒண்ணு பாதி ஒடஞ்சு கெடந்துச்சே. பெரிய வியாழன் சாயங்காலம் எங்க இனயம் கடப்புறத்துல நிண்ணியளே, கழுத்துல அளவு நாடாவும் போட்டுட்டு."

இனயம் கரையை நான் பிறந்ததிலிருந்து பார்த்ததே இல்லை.

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எனக்க மாப்பிள்ள கடலுக்குப் போனவரு திரும்பி வரல்லக்கா, ஒடம்பும் கெடைக்கல்ல. அதுக்குப் பொறவு என்னப் பாக்குதவ எல்லாம் ஒண்ணு அழுவாவ, இல்லண்ணா தலையக் குனிஞ்சிட்டுப் போவாவ. என்னப் பாத்து ஒருத்தரும் சிரிக்கல்ல. சிரிச்சா குத்தம்னு நெனைப்பு. அன்னிக்கு ஊரே கோயில்ல, கால் கழுவுத பூசைக்கு. நானும் கடலோட போயிரலாம்னுதான் வந்தேன். அங்கன நீங்க நனஞ்சிட்டு நிண்ணு என்னப் பாத்துச் சிரிச்சிய. ஒடஞ்ச பல்லக்கூட மறைக்கல்ல. எனக்கும் தன்னால சிரிப்பு வந்துட்டு. சிரிச்ச வாயோட எப்பிடிக்கா சாவ முடியும்? வீட்டுக்குத் திரும்பிட்டேன். மக வாசல்ல பாத்துட்டு நிண்ணா."

அந்த நேரத்தில் நான் கட்டிலில் நினைவில்லாமல் கிடந்தவள். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன், அவள் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டேன். அந்தச் சாளையையே வாங்கினேன். நேற்றைய மீன்தான், சந்தேகமே இல்லை. வாங்கிவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "பல்லு ஒடஞ்சது ஊருக்கே தெரியும், எவளாவது சொல்லியிருப்பா" என்றார்.

"நாடா?" என்று கேட்டேன். அந்த நாடாவை நர்ஸ் என் கழுத்திலிருந்து கழற்றிக் கம்மலோடு சேர்த்து ஒரு கவரில் போட்டு அவர் கையில்தான் கொடுத்தாள். அவர் அதை அலமாரியில் வைத்ததோடு சரி, எனக்கே பிறகுதான் தெரியும். குழம்பு கொதிக்கிறதா பார்க்கிறேன் என்று அவர் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் இதைப் பேசுவதே இல்லை.

அன்றிலிருந்து முன்பின் தெரியாத யார் என்னைப் பார்த்துச் சிரித்தாலும் நான் பதிலுக்குச் சிரிக்காமல் விடுவதில்லை. என்னிடம் இல்லாத குணம் அது, இப்போது தன்னால் வருகிறது. யாருக்கு எந்த நேரத்தில் என்ன தேவையோ, நமக்கு என்ன தெரியும்.

போன வாரம் மார்த்தாண்டத்தில் பஸ்ஸுக்கு நின்றேன். மருமகளோடு போனில் சண்டை போட்டுவிட்டு மனசு கெட்டுப்போய் நின்ற நேரம். ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் என்னைப் பார்த்துச் சிரித்தார், ரொம்ப நாள் தெரிந்தவர் மாதிரி. நானும் சிரித்தேன், நெஞ்சு லேசாகிவிட்டது. பஸ் வந்தது, ஏறி உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது, அவருக்கு ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. இந்த மனிதர் இப்போது எந்தக் கட்டிலில் கிடக்கிறாரோ என்று நினைத்தேன், ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.