பெண் கேட்ட கம்பெனி

வேலை தேடுகிறவர்களுக்கு இணையத்தில் ப்ரொஃபைல் போட்டுக் கொடுக்கும் சக பாவிகளே, நம் தொழிலில் டைப் அடிப்பது கம்மி, பஞ்சாயத்து பண்ணுவதுதான் ஜாஸ்தி. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் நெட் சென்டர் வைத்திருக்கிறேன். முன்பெல்லாம் பேப்பரில் விளம்பரம் வந்தால் விண்ணப்பம் போடுவார்கள். இப்போது முன்பின் தெரியாத மேனேஜருக்கு நட்பு அழைப்பு அனுப்பி, அவர் ஏற்றுக்கொண்ட பிறகு வேலை கேட்கிறார்கள்.

முழு உருவம்

வடக்கனந்தலில் குத்தகைக்குப் பயிர் வைக்கும் ஏழுமலை, பி.காம் முடித்த மகள் சத்யாவோடு வந்தார். தைக்குள் வேலை கிடைக்காவிட்டால் கல்யாணம் என்று வீட்டில் முடிவாகி, தரகரிடமும் சொல்லி வைத்தாயிற்று. சத்யாவுக்கு வேலைக்குப் போயே தீர வேண்டும். அழாக்குறையாக என் முன்னால் உட்கார்ந்தாள்.

ப்ரொஃபைலுக்கு போட்டோ கேட்டேன். பட்டுப்புடவையில், பிளாஸ்டிக் பூச்சாடி பக்கத்தில் நிற்கவைத்து எடுத்த ஸ்டுடியோ படத்தை ஏழுமலை நீட்டினார். முகத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்கிறேன் என்றதும் பதறிவிட்டார்.

"வெட்டிடாதீங்கம்மா! அப்பறம் பொண்ணு இன்னா ஒயரம்னு போன் போட்டுக் கேட்டுகினே இருப்பாங்க."

வெறுங்கை

வெள்ளிமலை ஜீப் டிரைவர் கோவிந்தனுக்கும் நான்தான் ப்ரொஃபைல் போட்டேன். சிக்னல் கிடைக்கிற வளைவில் ஜீப்பை நிறுத்திக்கொண்டு, கண்ணில் பட்ட பெரிய மனிதர்களுக்கெல்லாம் அழைப்பு அனுப்பினார். ஓசூர் கம்பெனி மேனேஜர் ஒருவர் ஏற்றுக்கொண்டார். மறுநாளே நம் ஆள் பலாப்பழத்தோடு பஸ் ஏறி, கம்பெனி கேட்டில் போய் நின்றுவிட்டார்!

நல்லவேளை, மேனேஜருக்குப் பலாப்பழம் என்றால் உயிர். அன்றிலிருந்து அங்கே ஆள் தேவை என்றால் முதல் தகவல் கோவிந்தனுக்குத்தான். கணக்குப் பிரிவில் ஆள் வேண்டும் என்று அப்படி வந்த ஒரு தகவலை வைத்துத்தான் சத்யாவை விண்ணப்பிக்கச் சொன்னேன். ஆனாலும், ஆன்லைன் நட்புக்குப் பழத்தைத் தூக்கிக்கொண்டு போவார்களா என்று கோவிந்தனைத் திட்டாமல் இருக்க முடியவில்லை.

"இன்னாக்கா இப்டி சொல்ற? நம்மள மதிச்சி ஏத்துக்கினாரு. மொதமொதல்ல பாக்கப் போறவன் வெறுங்கைய வீசிகினா போவான்?"

விசாரிப்பு

ஆன்லைன் இண்டர்வியூவை என் கடையில் உட்கார்ந்தே சத்யா நன்றாகச் செய்தாள். உன்னை நன்கு அறிந்த ஒருவரின் நம்பர் கொடு என்று கம்பெனியில் கேட்டார்கள். அப்பாவை விட யாருக்குத் தெரியும் என்று அப்பா நம்பரைக் கொடுத்துவிட்டாள்.

இருவரும் பிரிண்ட் எடுக்க வந்திருந்த அன்று ஏழுமலையின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல், "உங்க பொண்ணு சத்யாவைப் பத்திக் கொஞ்சம் விசாரிக்கணும்" என்றது. தரகர் சொல்லிப் பேசும் மாப்பிள்ளை வீடு என்றே முடிவு கட்டிவிட்டார் மனிதர். கையை ஆட்டிய சத்யாவை, பெரியவர்கள் பேசும் இடத்தில் பெண் நிற்கக் கூடாதென்று வெளியே விரட்டினார். போனைப் பிடுங்கப் போன என் கையையும் தட்டிவிட்டார்.

பிற்பாடு பேச்சு வரக்கூடாதே என்று மகளின் குறைகளை ஒவ்வொன்றாக ஒப்பித்தார்: "சோறாக்கத் தெரியாதுங்க. கம்ப்யூட்டரு முன்னால குந்துச்சின்னா பசி தூக்கம் கெடையாது. கணக்கு ஒதச்சா யாரையும் வுடாது, என்னையே நிக்க வச்சிக் கேக்கும். வெளியூருக்குத் தனியாவே போய்க்கினு வரும், சொன்னா கேக்காது."

வெளியே சத்யா கண்ணாடிக் கதவில் தலையை முட்டிக்கொண்டிருந்தாள். எதிர்முனையில் சிரிப்பு வெடித்தது.

"ஐயா, நீங்க சொன்ன குறையெல்லாம்தான் எங்களுக்கு வேணும். திங்கக்கிழமை வேலைக்கு அனுப்பி வைங்க!"

இன்னொரு சந்தேகம்

சத்யா போட்ட கூச்சலில் பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். வயதை மறந்து நானும் குதித்தேன். அவ்வளவு சந்தோஷம்!

ஏழுமலை மட்டும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பேசியது மாப்பிள்ளை வீடு இல்லை, கம்பெனி, மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது, தையில் கல்யாணப் பேச்சு வேண்டாம் என்று பக்குவமாக எடுத்துச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"வேலைக்குப் போவட்டும்மா, வேணாங்கல. ஆனா இவ்ளோ கொறையக் கேட்டும் வேணும்னாங்களே, தங்கமான மனுஷங்க. அந்தம்மாவுக்குப் புள்ள கிள்ள இருக்கானான்னு கேட்டுச் சொல்லுங்க."

ஆக, உலகம் பூராவும் வலை விரித்துத் தேடினாலும் நம்ம ஊரில் வேலை கிடைப்பது சம்பந்தம் பேசி முடிக்கிற மாதிரிதான், என்ன, தரகு பார்த்த நமக்கு மட்டும் பந்தியில் இலை போட மாட்டார்கள்.